டிராகனுக்குப் பின்னால் போன அப்பா

முதல் நாள் (டிசம்பர் 28, ஞாயிறு)

தேனி மாவட்டத்துக்காரர்களுக்குக் குமுளி போவதெல்லாம் ஒரு பயணமே இல்லை. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடிகாலையில் ஜீப்பில் ஏறிப் போய், சாயங்காலம் அதே ஜீப்பில் வந்து இறங்கிவிடுகிறார்கள். இதற்குப் போய் மூன்று நாள் எழுதப் போகிறாயா என்று என் வீட்டுக்காரரே கேட்டுவிட்டார். கேட்கட்டும். போவது அப்பாவுக்காக என்பதால் எழுதத் தோன்றுகிறது.

அப்பாவுக்கு 74 வயது. உத்தமபாளையத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ரேடியோ செட் போட்டவர். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் ரேடியோ விற்றாரா என்று கேட்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் திருவிழா எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது, டியூப் லைட் கட்டுவது, சீரியல் செட் போடுவது எல்லாம் சேர்ந்ததற்குத்தான் எங்கள் பக்கம் ரேடியோ செட் என்று பெயர். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் முல்லையாற்றங்கரை நெடுக நிற்கும் சீரியல் கட்டவுட்டுகளில் ஒன்றிரண்டு எப்போதும் அப்பாவுடையதாக இருக்கும்.

சவுக்குக் கம்பில் சட்டம். அதில் மூங்கில் பிளாச்சை வளைத்து அம்மன் உருவம். பிளாச்சு நெடுகக் குட்டிக் குட்டி பல்பு. அம்மன் நாக்கு மினுங்க வேண்டும், சூலம் ஆட வேண்டும் என்றால் பின்னால் ஒரு மர உருளை ஓடும். உருளையின் மேல் செப்புத் தகட்டைத் துண்டு துண்டாக ஒட்டியிருப்பார். மோட்டார் உருளையைச் சுற்றும்போது எந்தத் தகடு எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அந்த வரிசை பல்பு எரியும். டக், டக், டக் என்று இரவெல்லாம் அந்தச் சத்தம். சின்ன வயதில் திருவிழாவின்போது அந்த உருளைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துத் தூங்கியிருக்கிறேன். சாமி ஊர்வலம் எனக்கு நினைவில்லை, அந்த டக் டக்கும் தீப்பொறி வாசமும்தான் நினைவிருக்கின்றன.

என் தம்பி 2012-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருந்தான். அங்கே மிசௌரி தாவரவியல் தோட்டம் என்று ஒன்று. 1859-லேயே தொடங்கியது. அந்த வருடம் அங்கே பெரிய அளவில் சீன விளக்குக் கண்காட்சி நடத்தினார்கள். தம்பி எடுத்து அனுப்பிய படங்களைக் கடையில் பிரிண்ட் போட்டு ஆல்பமாக வைத்திருக்கிறோம். பீங்கான் தட்டு, கிண்ணம், கரண்டி இவற்றையே கட்டிக் கட்டிச் செய்த டிராகன்கள் அதில் உண்டு. அப்பா அந்தப் பக்கத்தை மட்டும் எத்தனை முறை திருப்பியிருப்பார் என்று எண்ண முடியாது. "தட்ட எதுல கட்டிருக்கான்? பல்பு எங்கருந்து வருது?" தம்பிக்கு இரண்டுமே தெரியவில்லை. முன்னால் நின்று செல்ஃபி எடுத்தவனுக்கு எப்படித் தெரியும்?

அப்பா அமெரிக்கா போகவில்லை. முதலில் விசா கிடைக்கவில்லை, அப்புறம் நெஞ்சு வலி வந்தது. தம்பியும் திரும்பி வந்துவிட்டான். ஆல்பம் மட்டும் இருக்கிறது.

போன வாரம் பெரியவளின் தோழி ஒரு வீடியோ அனுப்பினாள். குமுளிக்கு அந்தப் பக்கம் ஒரு தாவரவியல் தோட்டத்தில் சீன விளக்குகளாம். தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நாளைக்கு ஏதாவது குறை சொல்ல வேண்டி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியாது.

கிளம்பியது பதினொரு மணிக்கு. அப்பா, அம்மா, வீட்டுக்காரர், ஏழாவது படிக்கும் பெரியவள், யூ.கே.ஜி. சின்னவன், நான். சபரிமலை சீசனில் ஏறுகிற வண்டி கம்பம்மெட்டு வழி, இறங்குகிற வண்டி குமுளி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். மண்டல பூஜை நேற்றோடு முடிந்து நடை சாத்தியாகிவிட்டது, நேர் வழியிலேயே போயிருக்கலாம். ஆனாலும் அம்மா கம்பம்மெட்டு வழிதான் என்றார். அவர் கல்யாணத்துக்கு முன்னால் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனவர். புற்றடி, வண்டன்மேடு, அணக்கரை என்று ஏலக்காடு வழியாகப் போவதென்றால் அவருக்குக் கொள்ளை ஆசை.

மலை ஏற ஏறக் கம்பம் பள்ளத்தாக்கு கீழே விரிந்தது. தென்னை, நெல், நடுநடுவே திராட்சைப் பந்தல். எங்கள் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பும் இதே இனிப்புதான், இப்போது விலைப்பலகையில் ஒரு வரி கூடியிருக்கிறது. சின்னவன் இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி எடுத்ததால் மற்ற வளைவுகளின் அழகைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை.

புற்றடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏல மையம் இருக்கிறது. எதிரே டீ குடித்தோம். அம்மா கண்ணாடி வழியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே, எட்டு மில்லிக்கு மேல் உருட்டுக்காய் என்றால் கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும், சல்லடையே வேண்டாம் என்றார். ஏலத்தைக் கணினியில் பட்டனைத் தட்டி நடத்துகிறார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னதற்கு, "காயைத் தொட்டுப் பார்க்காமலா?" என்று கேட்டார். மாதிரிக் காயைக் கொடுப்பார்கள் அத்தை என்று சொல்லிச் சமாளித்தார் அவர்.

குமுளி வந்து சேர இரண்டரை மணி. கிறிஸ்துமஸ் முடிந்தும் கடைக்குக் கடை நட்சத்திர விளக்கு தொங்குகிறது. அப்பா காரைவிட்டு இறங்கியதும் முதல் வேலையாக ஒரு நட்சத்திரத்துக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். எங்கள் ஊர்ப் பக்கம் முன்பெல்லாம் மூங்கில் குச்சியில் காற்றாடித் தாள் ஒட்டிச் செய்வார்கள். இது மடித்துப் பெட்டிக்குள் போடுகிற மாதிரி அட்டையில் துளை போட்டது. "பல்பு நேரா கண்ணுல குத்துது. நாலு விரக்கட உள்ள தள்ளிருக்கணும்." கடைக்காரர் இவர் வாங்கத்தான் பார்க்கிறார் என்று நினைத்து விலை சொன்னார். அறைக்குப் போய்ப் படுத்தோம். வெளியே நல்ல குளிர்.

இரண்டாம் நாள் (டிசம்பர் 29, திங்கள்)

தேக்கடிப் படகைப் பற்றி நூறு பேர் எழுதிவிட்டார்கள், என் பங்குக்கு எதுவும் இல்லை. நாங்கள் ஏறவும் இல்லை. 2009 செப்டம்பரில் அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனதிலிருந்து அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவிட மாட்டார்.

அதனால் காலை முழுவதும் கடைத்தெரு. அம்மா ஏலக்காய் பார்த்தார். பச்சைப் பசேல் என்று இருந்த காயை எடுத்து, விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, தோலின்மேல் தேய்த்து, கடைக்காரர் முன்னாலேயே விரலை நீட்டிக் காட்டினார். சாயம். கடைக்காரர் அசரவில்லை. "சேச்சிக்கு வேற தராம்" என்று உள்ளேயிருந்து இன்னொரு டப்பாவைக் கொண்டுவந்தார். அம்மா அதை வாங்கினார். கேரளத்தில் வந்து கேரள ஏலக்காய் வாங்கி, ஊருக்குப் போய் போடி ஏலக்காய் என்று பெரியம்மாவுக்குக் கொடுப்பார். எனக்குத் தெரியும்.

பக்கத்துப் பாத்திரக் கடையில் இரும்பு வாணலி தொங்கியது. விலை கேட்டால், "சீனச்சட்டியா, நானூறு" என்கிறார். இவர்களுக்கு வாணலியே சீனச்சட்டிதான். ஊறுகாய் போடும் பெரிய ஜாடி சீன பரணி. கொச்சியில் மீன் பிடிப்பது சீன வலை. கடல் வழி வந்த சீனா இவர்கள் அடுக்களையில் எத்தனை நூற்றாண்டாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். மலைக்கு இந்தப் பக்கம் நமக்குத் தெரிந்த சீனா, தீபாவளிக்கு வெடிக்கும் சீனிவெடி. அதிலும் சீனா இருக்கிறதா சர்க்கரை இருக்கிறதா என்று எனக்கு இன்னும் சந்தேகம். சட்டியை வாங்கியாயிற்று. சீனா பார்க்க வந்ததற்கு ஒரு அத்தாட்சி வேண்டும் அல்லவா.

நான்கு மணிக்குத் தோட்டத்துக்குப் போய்விட்டோம். விளக்கு ஆறரைக்குத்தான். ஆனால் செடிகளை வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நான் அறிவியல் வாத்தியார், விட மாட்டேன். செடிகளுக்குக் கீழே தாவரவியல் பெயரோடு பலகை வைத்திருந்தார்கள். பெரியவளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். செம்பருத்திக்குக் கீழே ஹைபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ். தேயிலைக்குக் கீழே கமேலியா சைனென்சிஸ். "ரெண்டுலயும் சைனென்சிஸ் வருதும்மா." சைனென்சிஸ் என்றால் சீனத்துக்கு உரியது என்று பொருள். நம் பாட்டிமார் தலைக்கு அரைத்துத் தேய்க்கும் செம்பருத்தியின் பெயரிலேயே சீனா. வண்டிப்பெரியாறு பக்கம் மலை மலையாகப் பச்சை போர்த்தியிருக்கும் தேயிலையின் பெயரிலும் சீனா.

ஏலச் செடிக்கு எலெட்டாரியா கார்டமோமம். அது இந்த மலைக்கே உரிய செடி. டச்சுக்காரர்கள் கொச்சியில் இருந்தபோது வான் ரீடு என்பவர் மலபாரின் செடிகளைப் பற்றி 12 தொகுதிகள் போட்டார், 1678 முதல் 1693 வரை. அதில் இங்கே வழங்கிய பெயரைக் கேட்டு எலெட்டாரி என்று எழுதிவைத்தார். அதுதான் பிறகு அறிவியல் பெயர் ஆனது. இதை நான் சொல்லி முடிக்கும்போது கேட்டுக்கொண்டிருந்தது அம்மா மட்டும்தான். "ஏலத்த ஏலம்னுதான் வச்சிருக்கான்" என்று அங்கீகாரம் கொடுத்தார்.

அப்பா எங்களோடு இல்லை.

விளக்குகளைப் பகலிலேயே பார்க்கப் போய்விட்டார். புல்வெளியில் டிராகன் படுத்திருந்தது, நம் தேர் நீளத்துக்கு மூன்று மடங்கு இருக்கும். பகலில் பார்த்தால் வெளிறிப்போன துணிப் பொம்மை. எல்லோரும் அதைத் தாண்டிப் பூக்களுக்குப் போனார்கள். அப்பா கயிற்றுக்கு அந்தப் பக்கம், டிராகனின் முதுகுக்குப் பின்னால் குனிந்து நின்றார். காவலாளி ஓடிவந்து, "அண்ணாச்சி, அங்கோட்டு போகருது" என்றார். அந்த அண்ணாச்சி என்ற சொல் மலைக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி ஒலிக்கும், அந்தப் பக்கம் வேறு மாதிரி ஒலிக்கும். தமிழன் என்றாலே அண்ணாச்சிதான் இவர்களுக்கு. எனக்குச் சுருக்கென்றது. அப்பா அதைக் காதிலேயே வாங்கவில்லை. "சாலிடரிங் பண்ணிருக்கானா, முறுக்கி விட்டிருக்கானான்னு பாக்குறேன் தம்பி" என்றார். காவலாளிக்கு அது புரிந்ததோ இல்லையோ, இந்த ஆள் ஆபத்தில்லாதவர் என்று புரிந்துவிட்டது. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் போட்டார்.

சரி, குறைக்கு வருகிறேன். ஆறரை என்று போட்டிருந்தார்கள். ஏழே கால் வரை ஒரு விளக்கும் எரியவில்லை. ஜெனரேட்டரில் ஏதோ கோளாறு என்று ஒருவர், டீசல் வாங்கப் போயிருக்கிறது என்று இன்னொருவர். நாலு பேர் டிக்கெட் காசில் எங்கள் வீட்டில் ஒரு வாரக் காய்கறி வாங்கலாம். டிக்கெட்டைத் திருப்பித் தர மாட்டோம் என்று மூன்று மொழியில் பலகை மட்டும் தெளிவாக எரிந்துகொண்டிருந்தது. அதில் தமிழ்தான் அதிகப் பிழை.

பனி இறங்க ஆரம்பித்தது. சின்னவன் சிணுங்கினான். டிராகனுக்குப் பக்கத்தில் ஒரு டைனோசரும் நின்றது. இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டான். நல்லவேளை, அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சீனாவில் சிச்சுவான் பகுதியில் சிகோங் என்று ஓர் ஊர். உலகம் முழுக்கப் போகும் இந்த மாதிரிப் பெரிய விளக்குகளுக்குப் பேர்போன ஊர் அது. அங்கே தோண்டினால் டைனோசர் எலும்பு கிடைக்கும். அதற்கென்றே 1987-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதனால் அந்த ஊர் விளக்குகளில் டைனோசருக்கும் ஓர் இடம் உண்டு.

பெரியவள் கேட்டாள், எலும்பு கிடைக்கிற ஊரில் விளக்கு எப்படி வந்தது என்று. உப்பால் வந்தது. சிகோங்கில் கடல் கிடையாது. பூமிக்குள் உப்புத் தண்ணீர். மூங்கில் கயிற்றில் இரும்பு உளியைக் கட்டி மேலிருந்து குத்திக் குத்தித் துளை போடுவார்கள். 1835-ல் அப்படி ஒரு கிணறு 1001 மீட்டர் ஆழம் போயிருக்கிறது. உப்புத் தண்ணீரோடு எரிவாயுவும் வரும். அந்த வாயுவையே எரித்து அந்தத் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். உப்பில் காசு வந்தது, காசு வந்த ஊரில் திருவிழா பெருத்தது. "ஆயிரம் மீட்டரா? நம்ம ஊர்ல ஆயிரம் அடி போர் போட்டாலே கடன்காரனாயிடுறான்" என்றார் வீட்டுக்காரர்.

அங்கே விளக்குத் திருவிழா அவர்கள் வருடத்தின் முதல் பௌர்ணமி அன்று. வரப்போகிறது குதிரை வருடம், 2026 பிப்ரவரி 17-ல் பிறக்கிறது. அதிலிருந்து பதினைந்தாம் நாள். அம்மா விரல் விட்டு எண்ணி, "அப்ப மாசி மகத்த ஒட்டி வருது" என்றார். அன்றைக்கு அரிசி மாவில் உருண்டை பிடித்து, உள்ளே எள்ளும் சர்க்கரையும் வைத்துக் கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்துத் தின்பார்களாம் என்றேன். "பால் கொழுக்கட்டைல பூரணம் வச்ச மாதிரி" என்று அதையும் அம்மா ஊருக்குள் சேர்த்துக்கொண்டார். விளக்கில் விடுகதை எழுதித் தொங்கவிட்டு அதை விடுவிப்பதும் ஒரு வழக்கம் என்றதும், அப்பா நாற்காலியில் இருந்தபடியே ஒன்று போட்டார்.

"நாப்பது பேர் கைகோத்து நிப்பாங்க. ஒருத்தன் கண்ண மூடுனா நாப்பது பேரும் கண்ண மூடுவாங்க. என்ன அது?"

குழந்தைகளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். சீரியல் செட். 6 வோல்ட் பல்பு நாற்பதை வரிசையாகக் கோத்தால்தான் வீட்டுக் கரண்டைத் தாங்கும். அதில் ஒன்று போனால் மொத்த வரிசையும் அணைந்துவிடும். எது செத்தது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலைக்கு நானும் தம்பியும் சம்பளமில்லாத ஆட்கள்.

எரிந்தது.

இருட்டில் ஒரே நொடியில் முழுத் தோட்டமும் வந்து நின்றது. கூட்டம் ஓவென்று கத்தியது. நான் இதையெல்லாம் போனில் பார்த்திருந்தேன், ஆனாலும் கையில் மயிர் சிலிர்த்தது. மரத்துக்கு மரம் சிவப்பு உருண்டைகள். குளத்தில் தாமரைகள், ஒவ்வொன்றும் கட்டில் அகலம், கீழே தண்ணீரில் தலைகீழாக இன்னொரு தாமரை. மயில், பாண்டாக் கரடி, யானை. பகலில் சாயம்போன துணியாகக் கிடந்த டிராகன் எழுந்து உட்கார்ந்திருந்தது. செதில் ஒவ்வொன்றிலும் அடியில் ஆரஞ்சு, நுனியில் பச்சை. சின்னவன், "யாளி! யாளி!" என்று கத்தினான். யாளிக்குத் தும்பிக்கை இருக்கும்டா என்று அம்மா திருத்தினார்.

அப்பா நீண்ட நேரம் பேசவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, டிராகனின் வாலிலிருந்து தலை வரை மெதுவாக நடந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"பல்ப காட்டு பாப்போம்."

தேடினேன். தெரியவில்லை. வெளிச்சம் இருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

"அதான். நாங்க பல்ப வச்சுக் கோலம் போட்டோம். புள்ளி தெரியணும் எங்களுக்கு. இவன் பல்ப ஒளிச்சு வச்சுட்டு, துணிக்குள்ள வெளிச்சத்த ஊத்தி வச்சிருக்கான். பல்பு துணிக்குக் கிட்ட இருந்தா அங்க மட்டும் வெள்ளையா அடிக்கும், தள்ளி இருந்தா ஓரம் இருண்டுரும். எங்கயாவது அடிக்குதா பாரு." அடிக்கவில்லை. பட்டுத் துணியை இரும்புக் கம்பியில் இழுத்து ஒட்டியிருக்கிறார்கள், ஒரு சுருக்கம் இல்லை. வண்ணம் மாறும் இடங்களில் துணியை வெட்டி ஒட்டவில்லை, மேலே மருந்து அடிப்பதுபோல் சாயத்தை ஊதியிருக்கிறார்கள். இதெல்லாம் அவர் சொல்லச் சொல்லத்தான் என் கண்ணுக்கு வந்தது.

யானைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். இந்த முறை கயிற்றைத் தாண்டியே போய்விட்டார். யானையின் வயிற்றுக்கடியில் பராமரிப்புக்கு ஒரு வழி விட்டிருந்தார்கள், அதற்குள் தலையை நுழைத்துப் பார்த்தார். உள்ளே ஒரு பையன் டெஸ்டரோடு உட்கார்ந்திருந்தான். இருவருமே திடுக்கிட்டார்கள்.

"தம்பி, இது சீனாக்காரன் செஞ்சதில்லையே?"

பையன் கொஞ்சம் தயங்கினான். "எப்படிங்கய்யா சொல்றீங்க?"

"அதுல எல்லாம் வெல்டிங். இதுல கட்டுக்கம்பி. நம்ம ஆளு கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டுற முறுக்கு இது."

பையன் சிரித்துவிட்டான். அவனுக்கு ஊர் கூடலூராம், எங்கள் தேனி மாவட்டத்துக் கூடலூர். டிராகன், தாமரை, பாண்டா எல்லாம் பெட்டியில் வந்தவை. யானையும் மயிலும் இங்கேயே செய்தவை, கூடாரம் போட்டு இருபது நாள் வேலை. துணிகூட மதுரையில் வாங்கிய பாவாடைத் துணியாம். பலகையில் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சீன விளக்கு என்றுதான் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது பெரிய ஏமாற்று மாதிரிப் பட்டது. சத்தம் போடலாமா என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன். அப்பாவோ யானையின் காதைக் கையால் தொட்டு, "காது மடிப்பு நல்லா வந்திருக்குப்பா. வயித்துல பல்பு கிட்ட வந்துருச்சு, ஒரு ஒட்டகச்சிவிங்கி புள்ளி மாதிரி தெரியுது. அடுத்த தடவ உள்ள ஒரு வெள்ளத் துணி கொடு, அடங்கிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையன் போனில் குறித்துக்கொண்டான். எத்தனை வோல்ட், எந்த கம்பெனி எல்.இ.டி., மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று பேச்சு அரை மணி ஓடியது. உங்க பேரு என்னங்கய்யா என்று கேட்டான். அப்பா கடைப் பெயரைச் சொன்னார். அவனுக்குத் தெரியவில்லை. அவன் பிறக்கும் முன்பே கடையை மூடியாகிவிட்டது.

கடைசியாக ஒரு மண்டபத்துக்குள் குதிரை விளக்கு. சீனாவில் சோங் அரசர் காலத்து எழுத்துகளிலேயே இதைப் பற்றிய பேச்சு இருக்கிறது, அவ்வளவு பழைய சமாச்சாரம். தாள் கூண்டு, உள்ளே மெழுகுவர்த்தி, அதற்கு மேலே காற்றாடி போலத் தாளில் வெட்டிய சக்கரம். சுடரின் சூட்டில் காற்று மேலே எழும்பி இறக்கைகளைத் தள்ள, சக்கரம் சுற்றும். சக்கரத்தோடு சேர்த்து ஒட்டிய குதிரைகளும் சுற்றும். கூண்டின் தாளில் அவற்றின் நிழல் ஓடும். பெரியவளுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன், ஏழாம் வகுப்பில் வெப்பச் சலனம் பாடம் வேறு இருக்கிறது. அப்பா காதைக் கூண்டருகே வைத்தார்.

"மோட்டார் ஓடுது."

கேட்டேன். உர்ர் என்று மெல்லிய சத்தம். இத்தனை நேரம் எதற்கும் முகம் சுளிக்காத மனிதர், டிக்கெட்டுக்கும் இருட்டுக்கும்கூட வாய் திறக்காதவர், இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒரு மெழுகுவர்த்திக்கா பஞ்சம்?"

திரும்பும்போது கட்டன் சாயாவும் பழம்பொரியும். பழம்பொரி அருமை.

மூன்றாம் நாள் (டிசம்பர் 30, செவ்வாய்)

மகரவிளக்குக்கு இன்று சாயங்காலம் நடை திறக்கிறார்கள், கறுப்பு வேட்டிக் கூட்டம் காலையிலேயே குமுளியில் நெரிந்தது. நாங்கள் இறங்குகிற வழி என்பதால் தப்பித்தோம்.

லோயர் கேம்ப்பில் நிறுத்தினோம். மலைமேலிருந்து நான்கு ராட்சசக் குழாய்கள் இறங்குகின்றன. முல்லைப் பெரியாறு தண்ணீர் சுரங்கம் வழியாக மலையைக் கடந்து இந்தக் குழாய்களில் இறங்கி, கீழே மின்சாரம் எடுத்துவிட்டுப் பள்ளத்தாக்குக்குப் போகிறது. 1895-ல் அணை கட்டி முடித்த பென்னிகுவிக்குக்கு இங்கே மணிமண்டபம் இருக்கிறது, 2013-ல் திறந்தது. எங்கள் பக்கம் பொங்கலுக்கு அவர் படத்தின் முன்னால் பானை வைப்பவர்கள் உண்டு, பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்தவர்களும் உண்டு. அப்பா மண்டபத்துக்குள் வரவில்லை. குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றார். திருவிழா நேரத்தில் கரண்ட் போனால், இங்கேயிருந்து தெரிந்தவர் ஒருவர் எப்போது வரும் என்று தகவல் சொல்வாராம். அந்தக் கதை வளைந்து வளைந்து எங்கோ போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு எல்லோரும் தூங்கினோம். நான் எழுந்தபோது ஐந்து மணி. தாழ்வாரத்தில் தாத்தாவும் பேத்தியும் கடை விரித்திருந்தார்கள். டீ குடிக்கும் பேப்பர் கப் ஒன்று, கத்தரி, பழைய ரீஃபில், தையல் ஊசி, கரண்ட் போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்தி, அம்மாவின் ஜாக்கெட்டிலிருந்து பிடுங்கிய பிரஸ் பட்டன். பிரஸ் பட்டனின் குழியில் ஊசி முனை உட்கார்ந்தால் உராய்வே இருக்காது என்பது அப்பாவின் கணக்கு. கப்பின் அடிப்பாகத்தை வட்டமாக வெட்டி, இறக்கைகளை ஒரே பக்கமாகச் சாய்த்து மடித்திருந்தார். குதிரைகளைப் பெரியவள் நோட்டுத்தாளில் வரைந்து வெட்டியிருந்தாள். அவற்றில் ஒன்று நாய் மாதிரி இருந்தது, நான் சொல்லவில்லை.

முதல் தடவை சுடர் மிக அருகில் இருந்ததால் இறக்கை கருகிப்போனது. இரண்டாவது தடவை ஒரு பக்கம் பாரம் கூடிச் சாய்ந்து நின்றது. அப்பா எதிர்ப் பக்கம் துளி மெழுகு சொட்டிச் சரி செய்தார். அம்மா இரண்டு முறை வந்து பிரஸ் பட்டனைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார். இருட்டியதும் மின்விளக்கை அணைத்தோம். ஊசி முனையில் சக்கரம் ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. வீட்டுக்காரர் மூச்சு விட்டதற்குத் திட்டு வாங்கினார். சக்கரம் மெல்லத் திரும்பியது. டிரேசிங் தாள் கூண்டில் நிழல் ஒன்று நகர்ந்தது, அடுத்தது, அதற்கு அடுத்தது. ஒரு சத்தமும் இல்லை.

"தாத்தா, குதிர பின்னாடி ஓடுது!" என்றான் சின்னவன்.

உண்மைதான். வாலை முன்னால் நீட்டிக்கொண்டு ஐந்து குதிரையும் அந்த நாயும் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. குதிரைகளைத் திருப்பி ஒட்டினால் போதும் என்கிறாள் பெரியவள். இறக்கையை எதிர்ப்பக்கம் மடித்துப் புதிதாக வெட்ட வேண்டும் என்கிறார் அப்பா. மணி பத்தரை ஆகிறது, இன்னும் முடிவாகவில்லை. இன்னொரு பேப்பர் கப் கேட்கிறார்கள், போய்த் தேட வேண்டும்.